ஆறையும் செய்ய வேண்டாம். ஒன்றை மூன்று விதமாகச் செய்யுங்கள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார். பாடசாலைக் கண்காட்சியில் நாற்பரிமாண ஒழுங்கான திண்மங்கள் ஆறையும் மாதிரியுருக்களாக வைக்க மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் இல்லை, செலவழிக்கப் பணமும் அதிகம் இல்லை. எப்படிச் செய்யலாம்? முப்பரிமாணத்தில் செய்த பொருள் நாற்பரிமாணத்தை உண்மையிலேயே காட்டுமா, அல்லது பார்ப்பவர்களை ஏமாற்றுகிறோமா?

ரீச்சர், இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியும்.

கரும்பலகையில் சதுரமுகி வரைகிறோம். இரண்டு சதுரங்கள், அவற்றை இணைக்கும் நான்கு சரிவுக் கோடுகள். ஆறு முகங்களில் நான்கு இணைகரங்களாகக் கோணிக் கிடக்கின்றன. முகக் கோணங்களில் மூன்றில் இரண்டு பங்கு செங்கோணமாக இல்லை. சில கோடுகள் உண்மையில் தொடாத இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆனாலும் ஆறாம் தரப் பிள்ளை அதைச் சதுரமுகி என்றே வாசிக்கிறது. வெண்கட்டிப் பெட்டியைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்த பழக்கம் அந்தக் கோணல்களையெல்லாம் தானாகவே நிமிர்த்திவிடுகிறது.

நாற்பரிமாணத் திண்மத்தை எவரும் கையில் பிடித்ததில்லை. ஆகவே நாம் செய்யும் மாதிரியுரு கரும்பலகைச் சதுரமுகியைப் போலவே நேர்மையானதுதான். பார்ப்பவரிடம் அதை நிமிர்த்தும் பழக்கம்தான் இல்லை. அந்தக் குறையை இரண்டு வழிகளில் நிரப்பலாம். ஒன்று உச்சிகளையும் விளிம்புகளையும் முகங்களையும் ஒவ்வொன்றாக எண்ணுவது. மற்றது ஒரே திண்மத்தை வெவ்வேறு பக்கமாகக் கோணலாக்கிய பல மாதிரியுருக்களை அருகருகே வைப்பது. ஒன்றில் சிறுத்துப் போன பகுதி இன்னொன்றில் முழு அளவில் நிற்கும். மேசையில் பெரிய சதுரமுகிக்குள் சிறிய சதுரமுகி நிற்கும் ‘பெட்டிக்குள் பெட்டி’ ஒன்றை மட்டும் வைத்தால், வந்தவர் ‘நாற்பரிமாணம் என்றால் பெட்டிக்குள் பெட்டி’ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆறு திண்மங்களுக்கும் ஒவ்வொன்று செய்து வைத்தால் அதே தவறான எண்ணத்தை ஆறு தடவை கொடுத்தனுப்புகிறோம். அதனால்தான் சொல்கிறேன்: எட்டுச் சதுரமுகிகளால் ஆன எண்கலம் ஒன்றை எடுத்து மூன்று விதமாகச் செய்யுங்கள். நேரம் மிஞ்சினால் மற்றவற்றில் இரண்டோ மூன்றோ சேர்க்கலாம்.

பெயர்களை இந்தப் பதிலுக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நாற்பரிமாணத் திண்மத்தை அடைக்கும் ஒவ்வொரு முப்பரிமாணத் துண்டும் ஒரு கலம். கலங்கள் எல்லாம் ஒரே ஒழுங்கான திண்மமாக இருந்து, எல்லா உச்சிகளிலும் ஒரே விதமாகக் கூடினால் அது ஒழுங்கானது. ஐந்து நான்முகிகளால் ஆனது ஐங்கலம், எட்டுச் சதுரமுகிகளால் ஆனது எண்கலம், 16 நான்முகிகளால் ஆனது பதினாறுகலம், 24 எண்முகிகளால் ஆனது இருபத்துநாற்கலம், 120 பன்னிருமுகிகளால் ஆனது நூற்றிருபதுகலம், 600 நான்முகிகளால் ஆனது அறுநூறுகலம். யாராவது ‘நான்காவது பரிமாணம் காலம்தானே?’ என்று கட்டாயம் கேட்பார்கள். சார்பியலில் அப்படி ஒரு பேச்சு உண்டு. இங்கே அது தேவையில்லை. இங்கே நான்காவதும் ஒரு நீளம்தான், மற்ற மூன்றுக்கும் செங்குத்தானது. ஒரு புள்ளிக்கு நான்கு ஆள்கூறுகள் எழுதுகிறோம், தூரத்துக்குப் பைதகரசின் தேற்றத்தில் நான்கு வர்க்கங்களைக் கூட்டுகிறோம். உங்கள் மாணவர்கள் காவிகளில் (vectors) செய்வதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஏன் ஆறு மட்டும்? கண்காட்சியின் முதல் மேசைக்கு இதைவிட நல்ல விடயம் கிடைக்காது. செலவும் நாலைந்து பிறிஸ்டல் மட்டைகளோடு முடிந்துவிடும். ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று சதுரங்களை மேசையில் வைத்தால் 270° நிரம்பி 90° இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியை மூடச் சதுரங்களை மேலே மடிக்கிறோம்; சதுரமுகியின் மூலை பிறக்கிறது. இதையே ஒரு படி ஏற்றுங்கள். ஒரு விளிம்பைச் சுற்றித் திண்மங்களை அடுக்குங்கள். 360° நிரம்பாமல் இடைவெளி மிஞ்சினால், அதை நான்காவது திசையில் மடித்து மூடலாம். ஒழுங்கான நான்முகியின் இருமுகக் கோணம், அதாவது ஒரு விளிம்பில் சந்திக்கும் இரண்டு முகங்களுக்கு இடையிலுள்ள கோணம், ஏறத்தாழ 70.5°, சதுரமுகிக்கு 90°, எண்முகிக்கு 109.5°, பன்னிருமுகிக்கு 116.6°, இருபதுமுகிக்கு 138.2°. நான்முகிகளை மூன்றாகவோ நான்காகவோ ஐந்தாகவோ அடுக்கலாம். சதுரமுகிகளில் மூன்றுதான், நான்கு வைத்தால் இடைவெளியே இல்லாமல் சாதாரண வெளி நிரம்பிவிடும். எண்முகிகளும் பன்னிருமுகிகளும் மும்மூன்று. இருபதுமுகி மூன்று வைத்தாலே 360°ஐத் தாண்டிவிடுகிறது. மூன்றும் ஒன்றும் ஒன்றும் ஒன்றும் ஆறு.

இவ்வளவில் நிறுத்தாமல் மிஞ்சும் இடைவெளிகளையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று நான்முகிகளுக்கு 148°, கலங்கள் 5. மூன்று சதுரமுகிகளுக்கு 90°, கலங்கள் 8. நான்கு நான்முகிகளுக்கு 78°, கலங்கள் 16. மூன்று எண்முகிகளுக்கு 32°, கலங்கள் 24. மூன்று பன்னிருமுகிகளுக்கு 10°, கலங்கள் 120. ஐந்து நான்முகிகளுக்கு 7°, கலங்கள் 600. இடைவெளி குறையக் குறைய மடிப்பு மெல்லியதாகிறது. மெல்லிய மடிப்பால் சுற்றி வளைத்து மூட அதிகத் துண்டுகள் வேண்டும். 8 சென்ரிமீற்றர் பக்கத்தில் ஐந்து மட்டை நான்முகிகளைச் செய்து ஒரு விளிம்பைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். கடைசி இரண்டு உச்சிகளுக்கு நடுவே ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் திறந்திருக்கும். வெட்டியதில் பிழை என்றுதான் மாணவர் முதலில் நினைப்பார். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அந்தத் திறப்பு போகாது. அறுநூறுகலம் முழுவதும் அந்த 9 மில்லிமீற்றருக்குள் இருக்கிறது.

இந்த ஆறையும் முதலில் கண்டவர் சுவிற்சர்லாந்தின் லுட்விக் ஷ்லாஃப்லி. துன் என்ற ஊரில் பத்தாண்டுகள் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 1850க்கும் 1852க்கும் இடையில் எழுதிய நீண்ட ஆய்வை வியன்னாவின் அறிவியல் கழகமும் ஏற்கவில்லை, பேர்லினின் கணித இதழும் ஏற்கவில்லை. முழுமையாக அச்சேறியது 1901இல். அவர் இறந்தது 1895இல். இடைப்பட்ட காலத்தில் வேறு பலர் இதே ஆறையும் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் பரிமாணத்திலிருந்து மேலே எத்தனை பரிமாணம் போனாலும் மூன்றே மூன்றுதான் என்பதும் அவர் காட்டியதே. நாற்பரிமாணம் அந்த வகையில் கொழுத்த பரிமாணம்.

இனி எண்கலம். உச்சிகள் 16, விளிம்புகள் 32, சதுர முகங்கள் 24, கலங்கள் 8. நான்கு ஆள்கூறுகளும் 0 அல்லது 1 என்று எழுதினால் 16 உச்சிகளும் கிடைத்துவிடும். ஒரே ஓர் ஆள்கூறில் வேறுபடும் இரண்டு உச்சிகளுக்கு இடையில் ஒரு விளிம்பு. எட்டாம் தரத்தில் படித்த ஓயிலரின் தொடர்பும் ஒரு படி ஏறுகிறது: உச்சிகள் கழித்தல் விளிம்புகள் கூட்டல் முகங்கள் கழித்தல் கலங்கள் பூச்சியம். 16 − 32 + 24 − 8 = 0. ஒவ்வொரு மாதிரியுருவின் முன்னும் இந்த நான்கு எண்களை எழுதி வைத்து, ‘எண்ணிச் சரிபாருங்கள்’ என்று விடுங்கள்.

முதல் விதம் நிழல். ஆனால் நாற்பரிமாணத்தின் நிழலுக்கு முன்னால் முப்பரிமாணத்தின் நிழலைக் காட்ட வேண்டும். கட்டுக் கம்பியில் ஒரு சதுரமுகிச் சட்டம் செய்து, மேசைக்குச் சற்று மேலே பிடித்து, கைப்பேசி விளக்கை நேர் மேலே கொண்டுபோங்கள். விளக்குக்கு அருகிலுள்ள மேல் முகம் பெரிய சதுரமாகவும் கீழ் முகம் அதனுள் சிறிய சதுரமாகவும் விழும். பக்க முகங்கள் நான்கும் சரிவகங்களாகும். சதுரத்துக்குள் சதுரம். இதற்குச் சமமான நாற்பரிமாண நிழல்தான் சதுரமுகிக்குள் சதுரமுகி. 1880களில் விக்டர் ஷ்லேகல் என்ற ஜேர்மானியர் இந்த வகை எறியங்களை, அதாவது நிழல் விழுத்தும் முறைகளை, பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு திண்மங்களுக்கும் கம்பி மாதிரியுருக்கள் செய்து ஜேர்மனியில் விற்கவும் பட்டன. அளவுகள் இவை: 20 சென்ரிமீற்றர் குச்சி 12, 10 சென்ரிமீற்றர் குச்சி 12, இரண்டு சதுரமுகிகளின் மூலைகளையும் இணைக்க 8.7 சென்ரிமீற்றர் குச்சி 8. மொத்தம் 32. பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: உண்மையில் எல்லாம் ஒரே நீளம். எட்டுக் கலங்களையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். உள்ளே ஒன்று, சுற்றிவர வெட்டிய கூம்பகம்போல் ஆறு. எட்டாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். வெளிச் சதுரமுகியேதான் அது. மற்ற ஏழும் அதற்குள் அடைபட்டதாகத் தோன்றுவது நிழலின் குணம். கம்பிச் சதுரமுகியின் நிழலிலும் பெரிய சதுரம் ஆறாவது முகம்தான் என்று பக்கத்திலேயே காட்டிவிடலாம்.

விளக்கை விட்டு வெயிலுக்கு வாருங்கள். விளக்கின் கதிர்கள் விரிகின்றன. சூரியக் கதிர்கள் நமக்குச் சமாந்தரம். வன்னியில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில், சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். மற்ற நாட்களில் ஒரு பலகையைக் கதிருக்குச் செங்குத்தாகச் சாய்த்தால் போதும். கம்பிச் சதுரமுகியை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் மூலைவிட்டம் நிலைக்குத்தாக நிற்கும்படி பிடித்தால், நிழல் ஓர் ஒழுங்கான அறுகோணம். நடுவில் இரண்டு மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, அங்கிருந்து ஆறு கோடுகள் புறப்படும். நிழலில் எல்லாக் கோடுகளும் ஒரே நீளம். எண்கலத்தையும் இதேபோல் நீண்ட மூலைவிட்டத்தின் வழியே எறிந்தால் கிடைப்பது 12 சாய்சதுர முகங்கள் கொண்ட ஒரு திண்மம். வெளியே 14 உச்சிகளும் 24 விளிம்புகளும், நடுவில் ஒன்றாகிவிட்ட இரண்டு உச்சிகளும், அங்கிருந்து வெளியே போகும் எட்டு விளிம்புகளும். 32 குச்சிகளும் ஒரே நீளம்! இதை நான் பெட்டிக்குள் பெட்டியைவிட உயர்வாக வைப்பேன். இங்கே எட்டுக் கலங்களும் சம உரிமையோடு நிற்கின்றன. எல்லாம் ஒரே வடிவச் சாய்ந்த சதுரமுகிகள். நான்கு கலங்கள் சேர்ந்து முழு இடத்தையும் ஒருமுறை நிரப்புகின்றன, மற்ற நான்கு அதே இடத்தை வேறொரு விதமாக மறுபடி நிரப்புகின்றன. நடுவிலிருந்து புறப்படும் எட்டுக் குச்சிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கைச் சிவப்பாகவும் நான்கை நீலமாகவும் பூசிவிட்டால் இது கண்ணுக்குத் தெரியும்.

செய்முறையில் ஓர் எச்சரிக்கை. சைக்கிள் வால்வு ரியூப்பில் குச்சிகளைச் செருகிப் பூட்டுவது நம் விஞ்ஞான அறைகளில் பழைய வழக்கம். முக்கோணங்களால் ஆன சட்டத்துக்கு அது நன்றாக நிற்கும். சதுரமும் சாய்சதுரமும் மட்டுமுள்ள சட்டம் ஆடிச் சரிந்துவிடும். எண்கலத்துக்கு மூட்டுகளைக் குளூ கன் பசையால் இறுக்குவதே வழி. கோணம் பிடிக்க ஒரு கணக்கு: அந்த 14 உச்சிகளில் எட்டு ஒரு சதுரமுகியின் மூலைகள். 15 சென்ரிமீற்றர் சதுரமுகிப் பெட்டி ஒன்றை மட்டையில் செய்து, அதன் மையத்துக்கு ஒவ்வொரு மூலையிலிருந்தும் 13 சென்ரிமீற்றர் குச்சி. பிறகு ஒவ்வொரு முகத்தின் மேலும் அதே நீளத்தில் நான்கு குச்சிகளைக் கூடாரமாக நிறுத்துங்கள். பசை காய்ந்தபின் மட்டையைக் கிழித்தெடுத்துவிடலாம். தென்னை ஈர்க்கு வேண்டாம், ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்து வளையும். மூங்கில் சிம்பு நல்லது. பட்டம் கட்டத் தெரிந்த மாணவர் எவரையாவது இந்த வேலைக்குப் பிடியுங்கள். கணிதத்தில் அவர் எத்தனை புள்ளி என்று பார்க்க வேண்டாம்.

இரண்டாம் விதம் விரிப்பு. சதுரமுகியை வெட்டி விரித்தால் ஆறு சதுரங்கள். அப்படி விரிக்க 11 வழிகள். எண்கலத்தை விரித்தால் எட்டுச் சதுரமுகிகள், வழிகள் 261. எல்லோரும் அறிந்தது நான்கு சதுரமுகி உயரமான தூணும், மேலிருந்து இரண்டாவதைச் சுற்றி நான்கும். சல்வடோர் டாலி 1954இல் தீட்டிய சிலுவை ஓவியத்தில் இயேசு அறையப்பட்டிருப்பது இந்த விரிப்பில்தான். வெறுமனே செய்து வைத்தால் அது ஒரு சிலுவை மட்டுமே. எட்டுச் சதுரமுகிகளுக்கும் மொத்தம் 48 முகங்கள்; ஏழு இடங்களில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் வெளியே தெரிவது 34. அவை 17 சோடிகளாக ஒன்றோடொன்று சேர வேண்டும். எந்த முகம் எதோடு சேரும் என்று மாணவர்களே கண்டுபிடித்து ஒரே இலக்கத்தை இரண்டிலும் ஒட்டட்டும். உச்சி முகம் அடி முகத்தோடு சேரும் என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். கைகளின் வெளி முகங்களில் ஒரு மணித்தியாலம் போகும். அந்த ஒரு மணித்தியாலம் முடிந்தபின் அவர்களுக்கு எண்கலத்தைப் பற்றி நான் சொல்ல அதிகம் இருக்காது.

மூன்றாம் விதம் வெட்டுமுகம். எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே. ஈரக் களிமண்ணில் ஒரு சதுரமுகி செய்து, மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாகக் கம்பியால் அறுத்துக்கொண்டு வந்தால் முதலில் சிறு முக்கோணம், பிறகு பெரிய முக்கோணம், நடுவில் ஒழுங்கான அறுகோணம், பின் தலைகீழ் முக்கோணம். எண்கலம் அதேபோல் மூலை முன்னே வர நம் முப்பரிமாண வெளியைக் கடந்துபோனால் என்ன காண்போம்? ஒரு புள்ளி, அது நான்முகியாக வளர்கிறது, குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு நான்முகியின் மூலைகள் மழுங்குகின்றன, சரிநடுவில் ஒழுங்கான எண்முகி, பிறகு எல்லாம் எதிர்த்திசையில், முன்னதற்குத் தலைகீழாக. மட்டையில் ஐந்து திண்மங்கள் போதும்: 12 சென்ரிமீற்றர் விளிம்புள்ள நான்முகி, 6 சென்ரிமீற்றர் விளிம்புள்ள மூலைமழுங்கிய நான்முகி, 12 சென்ரிமீற்றர் விளிம்புள்ள எண்முகி, மறுபடி மழுங்கியது, மறுபடி நான்முகி. இவை ஒரே எண்கலத்தின் வெட்டுமுகங்களாகச் சரியான அளவில் பொருந்தும். சதுரமுகிகளால் மட்டுமே ஆன ஒன்றின் நடுவே எண்முகி இருப்பதைப் பார்த்துப் பார்வையாளர் வாதாட வந்தால் களிமண்ணின் அறுகோணத்தைக் காட்டுங்கள். சதுரங்களால் மட்டுமே ஆன ஒன்றின் நடுவே அதுவும் எப்படி வந்தது?

வெட்டுமுக வழியில் எவரையும்விட அதிக தூரம் போனவர் அலிசியா பூல் ஸ்டொட். 1860இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் பிறந்தவர். தந்தை, தருக்க இயற்கணிதத்தின் ஜோர்ஜ் பூல். தாய் மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த நில அளவையாளரின் சகோதரர் மகள். பல்கலைக்கழகம் போனதில்லை. பின்னாளில் அக்காவின் கணவரான சார்ள்ஸ் ஹோவார்ட் ஹின்ரன் கொண்டுவந்து காட்டிய மரச் சதுரமுகிகளோடு விளையாடத் தொடங்கிய பெண், நூற்றிருபதுகலமும் அறுநூறுகலமும் வெளியைக் கடக்கும்போது தோன்றும் வெட்டுமுகங்களையெல்லாம் மட்டையில் வெட்டி ஒட்டினார். ஹொலண்டின் குரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கௌட்டே கணக்குப் போட்டுக் கண்டவற்றோடு அவை பொருந்தின. இருவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். 1914இல் குரோனிங்கன் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. மட்டை, கத்தரிக்கோல், பசை. உங்கள் மாணவிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஐங்கலத்துக்குக் குச்சியே வேண்டாம். கம்பியில் நான்முகிச் சட்டம் ஒன்று செய்து, பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் கொஞ்சம் கிளிசரினும் கலந்ததில் தோய்த்தெடுங்கள். ஆறு சவர்க்காரப் படலங்கள் நடுவில் ஒரு புள்ளியில் கூடி நிற்கும். வெளியே நான்கு உச்சி, நடுவில் ஐந்தாவது. ஐங்கலத்தின் ஷ்லேகல் நிழல் அப்படியே. சதுரமுகிச் சட்டத்தைத் தோய்த்தால் நடுவில் ஒரு சிறு சதுரப் படலம் வரும். மறுபடி இலேசாகத் தோய்த்து ஒரு குமிழை நடுவில் சிக்க வைத்தால் வயிறு புடைத்த சிறு சதுரமுகி ஒன்று எட்டு மூலைகளிலிருந்தும் தொங்கும். எண்கலம்! இது தற்செயல் அல்ல. படலங்கள் எப்போதும் மும்மூன்றாக 120°இல் சந்திக்கும், அந்தச் சந்திப்புக் கோடுகள் நான்கு நான்காக ஒரு புள்ளியில் கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ கண்டார். ஐங்கலம், எண்கலம், நூற்றிருபதுகலம் மூன்றிலும் ஒவ்வொரு விளிம்பையும் சுற்றி மூன்று கலங்கள், ஒவ்வோர் உச்சியிலும் நான்கு விளிம்புகள். அவற்றைக் கோளமாக ஊதி, கோணங்கள் மாறாத எறியத்தில் விழுத்தினால் நுரையின் விதிகளுக்கே அவை அடங்கும். மற்ற மூன்றுக்கும் இது நடக்காது. அவற்றில் ஓர் உச்சியில் கூடும் விளிம்புகள் நான்கைவிட அதிகம். சோளகம் வீசும் மாதங்களில் யன்னல்களைச் சாத்திவிட்டுக் காட்டுங்கள், விசிறியையும் நிறுத்துங்கள்.

பதினாறுகலம் செய்ய ஒரு சதுரமுகிச் சட்டத்தின் ஒவ்வொரு முகத்திலும் இரண்டு மூலைவிட்டங்களையும் போட்டால் முடிந்தது. 12 விளிம்பும் 12 மூலைவிட்டமும் சேர்ந்து 24. முகத்தில் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் உச்சி இல்லை. நான்காவது திசையில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக அவை விலகிப் போகின்றன. அந்த இடத்தில் பசை போடாமல், ஒன்றைச் சிவப்பு நூலாலும் மற்றதை நீல நூலாலும் கட்டுங்கள்.

இருபத்துநாற்கலத்தைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஐந்துக்கும் முப்பரிமாணத்தில் உறவுக்காரர் உண்டு: நான்முகி, சதுரமுகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. இதற்கு மட்டும் ஒழுங்கான உறவு எவரும் இல்லை. காரணத்தை நீங்கள் செய்த 12 சாய்சதுரத் திண்மமே காட்டும். அது ஒரு சதுரமுகியின் ஆறு முகங்களிலும் கூடாரம் வைத்தது. முகங்கள் சாய்சதுரங்கள், உச்சிகள் இரண்டு வகை, ஒழுங்கானது அல்ல. சதுரமுகியின் மையத்திலிருந்து உச்சிக்குள்ள தூரம் விளிம்பின் 0.866 பங்கு என்பதால் வரும் கோணல் இது. எண்கலத்தில் அந்தத் தூரம் என்ன? நான்கு பாதிகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் சரியாக 1. விளிம்பும் அதுவே! எண்கலத்தின் எட்டுக் கலங்களின் மேலும் கூடாரம் வைத்தால் பழைய விளிம்பும் புதிய விளிம்பும் சமமாகி, பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்கள் இரண்டிரண்டாக ஒட்டி 24 ஒழுங்கான எண்முகிகளாகின்றன. 16 பழைய உச்சியும் 8 புதிய உச்சியும் 24. இந்தக் கணக்கைச் செய்து முடித்த மாணவர் யாராவது இருந்தால் அவரிடமே இந்த மாதிரியுருவை ஒப்படையுங்கள்: வெளியே ஓர் எண்முகி, உள்ளே ஒரு சிறிய எண்முகி, இரண்டுக்கும் நடுவே சதுரமும் முக்கோணமுமாய் 14 முகங்களும் 12 உச்சிகளும் கொண்ட திண்மம். குச்சிகள் உள்ளிருந்து வெளியே 12, 24, 24, 24, 12. மொத்தம் 96. பொறுமை உள்ளவருக்கு ஒரு வார வேலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005இல் இதையே உருக்குச் சிற்பமாக நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் அங்கேயே கணிதப் பேராசிரியரான ஏட்ரியன் ஒக்னியானு.

நூற்றிருபதுகலத்தையும் அறுநூறுகலத்தையும் முழுதாகச் செய்ய முயல வேண்டாம். முதலாவதில் 1,200 விளிம்புகள், இரண்டாவதில் 720. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கம்பளம் விற்றுக்கொண்டிருந்த போல் டொன்சியன் என்ற ஆர்மேனிய வம்சாவளி வியாபாரி ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து கம்பியில் அவற்றைச் செய்தார். 1934இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. ரொறன்ரோவில் ஃபீல்ட்ஸ் கணித ஆய்வு நிறுவனத்தின் கூரையிலிருந்து ஓர் உருக்கு நூற்றிருபதுகலம் தொங்குகிறது. கணிதர் கொக்ஸிற்றரின் 95ஆவது வயதை ஒட்டி 2002இல் செய்தது. உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு மட்டைப் பன்னிருமுகியை நடுவில் வைத்து, அதன் 12 முகங்களிலும் ஒவ்வொன்று ஒட்டுங்கள். பக்கத்துப் பன்னிருமுகிகளுக்கு நடுவே 10° திறப்புகள் மிஞ்சி நிற்கும், அவற்றை மூடாமல் விட்டுவிடுங்கள். அருகில் ஓர் அட்டையில் அடுக்குகளை எழுதுங்கள்: 1, 12, 20, 12, 30, 12, 20, 12, 1. கூட்டினால் 120. நீங்கள் செய்து வைத்தது முதல் இரண்டு அடுக்கு. அறுநூறுகலத்தின் 120 உச்சிகளை ஓர் உச்சியிலிருந்து எண்ணிக்கொண்டு போனாலும் இதே வரிசைதான் வரும். நூற்றிருபதுகலத்தின் கலம் இருக்கும் இடத்தில் அதற்கு உச்சி.

கைப்பேசியில் சுழலும் எண்கலக் காணொளிகளை மாணவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். உள் பெட்டி வீங்கி வெளியே வந்து வெளிப் பெட்டியை விழுங்குவதுபோல் தெரியும். செய்வதற்கு முன் பார்த்தால் அது வெறும் மாயாஜாலம். மூன்று மாதிரியுருக்களையும் செய்து முடித்தபின் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். எட்டுக் கலங்களும் முறை வைத்து விளக்குக்கு அருகே வந்து போகின்றன, வேறொன்றும் நடக்கவில்லை என்று அவர்களே சொல்வார்கள். அச்சு இயந்திரம் பற்றிக் கேட்டீர்கள்: கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ உங்கள் பழைய மாணவர் எவராவது படித்துக்கொண்டிருந்தால் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் அதில் இருபத்துநாற்கலத்தை மட்டும் அச்சிடுங்கள். எண்கலத்தைக் கையால்தான் செய்ய வேண்டும்.